மஞ்சள் மாத்திரை உணவா, மருந்தா?

கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலைய வளாகத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இயங்குகிறது. மிளகாய்த்தூளில் கலப்படமா, எண்ணெய் தரமானதா என்று பார்ப்பது இதுபோன்ற கூடங்கள்தான். மிளகாய்த்தூளைப் போலவே, மருந்துக்கடையில் டப்பாவில் விற்கும் மஞ்சள் மாத்திரைகளில் பலவும் உணவுச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்பது 2016 விதி. ஆனால் வாங்குபவர்களில் பலர் அதை மருந்தாகத்தான் விழுங்குகிறார்கள். குறிப்பாக, பெருங்குடலில் புண் வந்து, இரத்தமும் சளியுமாகப் போகும் 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' நோயாளிகள்.

அவர்கள் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின், அழற்சியைத் தூண்டும் 'என்.எஃப். கப்பா-பி' என்ற புரதத்தை அடக்குவது ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது. குர்குமின் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. மற்ற உறுப்புகளுக்கு இது குறை, பெருங்குடலுக்கோ அனுகூலம். உறிஞ்சப்படாமல் மிஞ்சுவது நேரே புண் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது.

2006இல் ஜப்பானில், நோய் அடங்கியிருந்த 89 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் நோய் திரும்பியது குறைவு. 2015இல் வெளியான ஆய்வில், இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமைன் மருந்து மட்டும் போதாத 50 பேரில் ஒரு பாதிக்கு அதோடு 3 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். நான்கே வாரத்தில் அவர்களில் பாதிப்பேருக்கு நோய் அடங்கியது. குர்குமின் இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் ஒருவருக்கும் அடங்கவில்லை. ஆனால் டெல்லி எய்ம்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் இல்லை.

ஆக, அளவு முக்கியம் என்று தோன்றுகிறது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதமே. 3 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் தினமும் 100 கிராம் மஞ்சள்தூள் சாப்பிட வேண்டும்! சாம்பாரில் போடும் சிட்டிகை ருசிக்கும் நிறத்துக்கும்தான்.

அளவைக் கூட்டினால் ஆபத்தும் உண்டு. சில மாத்திரைகளில் மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது குர்குமின் இரத்தத்தில் கலப்பதை 20 மடங்கு கூட்டுவதை பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1998இலேயே காட்டியது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வுக்குழு 2022இல் எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார்.

நல்ல பலன் தந்த இரண்டு ஆய்வுகளிலும் குர்குமின் மருந்துக்குத் துணையாக வந்ததே தவிர, மருந்துக்குப் பதிலாக வரவில்லை. மஞ்சள் மாத்திரை எடுப்பவர்கள் டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். மெசலமைனை நீங்களாக நிறுத்தாதீர்கள்.