சோற்றைக் குறைத்தவர் குருதி கொடுக்கும்போது

கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளையும் புதுக்கோட்டை மாவட்டத்தில், காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை என்று மூன்று வேளை உணவும் அரிசியைச் சுற்றியே அமைவது நெடுங்கால வழக்கம். சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவற்றை அஞ்சி அவ்வழக்கத்திலிருந்து விலகி, முட்டை, இறைச்சி, மீன், கீரை, பாதாம், பனீர், நெய் ஆகியவற்றையே முதன்மை உணவாகக் கொண்டவர்கள் கடந்த பத்தாண்டுகளில் தமிழகத்தின் சிற்றூர்களிலும் பெருகியுள்ளனர். நியாண்டர் செல்வனின் எழுத்துகள் வழியே 'பேலியோ' என்று தமிழில் பரவலாக அறியப்பட்ட முறையும், அதைவிடக் கடுமையாக மாவுச்சத்தைத் தவிர்க்கும் 'கீட்டோ' முறையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இம்முறைகளைப் பின்பற்றுவோருள் பெரும்பாலோர் நடுவயதினர். உடல் எடையில் குறையற்றவர்கள். தங்கள் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள். இரத்த வங்கிகள் விரும்பும் கொடையாளர்கள் இத்தகையவர்களே. நாட்டு நலப்பணித் திட்டம், செஞ்சுருள் சங்கம் ஆகியவற்றின் வழியே கல்லூரிகளில் நடைபெறும் முகாம்களைப் பெரிதும் நம்பியிருக்கும் வங்கிகளில், கல்லூரிகளுக்கு விடுமுறை விடப்படும் சித்திரை, வைகாசி மாதங்களில் இருப்பு குறைந்துவிடுகிறது. 2017-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர் பெரிய அறுவைச் சிகிச்சைகளும் சிக்கலான மகப்பேறுகளும் புதுக்கோட்டையிலேயே கவனிக்கப்படுவதால், அங்குக் குருதியின் தேவை ஆண்டு முழுவதும் உள்ளது. உணவுமுறையை மாற்றிக்கொண்ட ஒருவர், அதையே தடையாகக் கருதிக் கொடையிலிருந்து ஒதுங்கிவிடுவது பெரும் இழப்பாகும்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மருந்துகள், அழகுப் பொருள்கள் விதிகள், கொடையாளர் எவ்வகை உணவு உண்பவர் என்று பார்ப்பதில்லை. வயது 18 முதல் 65 வரை இருத்தல், 350 மில்லி கொடுக்க 45 கிலோவும் 450 மில்லி கொடுக்க 55 கிலோவுக்கு மேலும் எடை இருத்தல், ஈமோகுளோபின் 100 மில்லி குருதிக்கு 12.5 கிராமுக்குக் குறையாதிருத்தல், முந்தைய கொடைக்குப் பின் ஆண்களுக்கு 90 நாள்களும் பெண்களுக்கு 120 நாள்களும் கடந்திருத்தல் ஆகியவை அவ்விதிகளுள் முக்கியமானவை. உணவு தொடர்பாக அவை வற்புறுத்துவது, பட்டினியாகவோ விரதத்திலோ இருப்பவர் குருதி கொடுக்கலாகாது என்பதையே. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுள் பலர் காலை உணவைத் தவிர்த்து, ஒரு நாளில் 16 மணி நேரம் வரை எதுவும் உண்ணாதிருக்கும் பழக்கத்தையும் உடன் கொண்டுள்ளனர். முகாம்களோ பெரும்பாலும் முற்பகலில் நடைபெறுகின்றன. கொடை நாளன்று மட்டுமேனும் அந்த இடைவெளி கைவிடப்பட வேண்டும்.

பட்டினி ஏன் விலக்கப்படுகிறது என்பது, இவ்வுணவுமுறை உடலின் நீரை என்ன செய்கிறது என்பதோடு சேர்த்தே புரிந்துகொள்ளத்தக்கது. உண்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் 'கிளைக்கோஜன்' என்னும் சேமிப்பாகக் கல்லீரலிலும் தசைகளிலும் வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் பிணைந்திருக்கிறது. மாவுச்சத்து குறைந்தவுடன் அச்சேமிப்பு கரைந்து நீர் வெளியேறுகிறது. இன்சுலின் அளவும் தாழ்வதால், சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட மிகுதியாக உப்பை வெளியேற்ற, அவ்வுப்புடன் மேலும் நீர் போகிறது. முதல் வாரத்தில் எடை விரைந்து குறைவதற்குப் பெரிதும் காரணம் இந்நீரிழப்பே. இந்நிலையில் உள்ளவரிடமிருந்து ஒரே அமர்வில் 350 மில்லி குருதி எடுக்கப்படும்போது, இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றலோ மயக்கமோ நேரும் வாய்ப்பு கூடுகிறது. ஆதலால், புதிதாக இம்முறைக்கு மாறியவர் உடல் அதற்குப் பழகும் வரை முதல் சில வாரங்கள் கொடையைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. பழகியவரும் முந்தைய நாள் உணவில் உப்பைக் குறைக்காமல், கொடைக்குச் சற்று முன் அரை லிட்டர் நீர் பருகுவது நல்லது; உப்பிட்ட மோரும் உகந்ததே.

கொடைக்குப் பின் வழங்கப்படும் பிஸ்கட்டும் பழச்சாறும் இவர்களுக்குத் தயக்கத்தை ஏற்படுத்துகின்றன. இழந்த நீர்மத்தை ஈடுசெய்யவும், கொடையாளரைச் சிறிது நேரம் அமர்த்திக் கண்காணிக்கவுமே அவை பெரிதும் பயன்படுகின்றன; அவித்த முட்டையும் மோரும் உடன் கொண்டு சென்றால் அந்நோக்கம் நிறைவேறிவிடும். எனினும் தலைசுற்றல் ஏற்பட்டால் பழச்சாற்றை மறுக்கக் கூடாது. ஒரு குவளைச் சாறு எவருடைய உணவுமுறையையும் குலைத்துவிடாது.

பலரும் அறியாத மற்றொரு செய்தி கொழுப்பைப் பற்றியது. நெய்யோ தேங்காயெண்ணெயோ மிகுந்த உணவை உண்ட பின், அக்கொழுப்பு நுண்துளிகளாகக் குருதியில் கலந்து, மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. அவ்வேளையில் எடுக்கப்பட்ட குருதியிலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்தால், தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய 'பிளாஸ்மா' என்னும் நீர்மப் பகுதி பால்போல் வெளுத்திருக்கும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகள் முதலியவற்றுக்கான கட்டாயப் பரிசோதனைகளுள் சில ஒளியின் மாற்றத்தை அளந்து முடிவு சொல்பவை என்பதால் இக்கலங்கல் அவற்றைக் குழப்பக்கூடும். அத்தகைய பிளாஸ்மாவை நோயாளிக்குச் செலுத்தாமல் கழித்துவிடவும் நேரிடும். மாவுச்சத்தைக் குறைத்தவருக்கு வெறும் வயிற்றில் அளக்கப்படும் 'டிரைகிளிசரைடு' என்னும் குருதிக் கொழுப்பு பொதுவாகக் குறைந்தே காணப்படுகிறது என்றாலும், வெண்ணெய் கலந்த காப்பியைக் குடித்துவிட்டு முகாமுக்கு வருபவரின் குருதியில் அந்நன்மை தெரியாது. அன்று காலை மட்டும் முட்டை, கீரை, காய்கறி என்று நெய் குறைந்த உணவாக உண்டு வந்தால், அவர் மனமுவந்து கொடுத்த குருதியின் எப்பகுதியும் வீணாகாது.

கொழுப்பு எரியும்போது தோன்றும் 'கீட்டோன்' என்னும் பொருள் குருதி பெறுபவருக்குத் தீங்காகுமோ என்னும் அச்சத்துக்கு இடமில்லை. அதன் அளவு சிறிது. பெரும்பாலான நோயாளிகளுக்குச் செலுத்தப்படுவது பிளாஸ்மா நீக்கப்பட்ட சிவப்பணுக்களே.

நீர்மம் ஓரிரு நாள்களிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிட, இரும்பு மட்டுமே மிக மெல்லத் திரும்புகிறது. 350 மில்லி குருதியுடன் ஏறத்தாழ 160 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. உணவிலிருந்து உடல் ஒரு நாளில் ஈர்ப்பதோ இயல்பாக 1 அல்லது 2 மில்லிகிராம்தான். இங்கே குறைமாவு உணவு இரு வேறு பாதைகளாகப் பிரிகிறது. ஆட்டு ஈரல், சுவரொட்டி எனப்படும் மண்ணீரல், இரத்தப் பொரியல் ஆகியவற்றை உண்பவர், உடல் எளிதில் ஏற்கும் இரும்பைப் பெறுகிறார். இரத்தம் ஊறச் சுவரொட்டி உண்ணச் சொல்லும் நம் வீட்டு மரபு இவ்விடத்தில் முற்றிலும் பொருத்தமானது. சைவ உணவினரோ, கம்பு, கொள்ளு, பயறு ஆகியவற்றை மாவுச்சத்துக்காகக் கைவிட்டு, இரும்பு அறவே குறைந்த பனீரையும் நெய்யையும் அவற்றின் இடத்தில் வைக்கும்போது, தம்மை அறியாமலே இரும்பின் வாயிலை அடைத்துக்கொள்கின்றனர். முருங்கைக் கீரையைப் பெருநெல்லியுடனோ எலுமிச்சைச் சாற்றுடனோ உண்பதும், தேநீரையும் காப்பியையும் உணவு வேளையிலிருந்து விலக்கி வைப்பதும் அவர்களுக்கு உதவும். 12.5 என்னும் ஈமோகுளோபின் அளவைத் தாண்டியவரிடமும் இரும்பின் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால், ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் கொடுப்பவர், சிறப்பாகப் பெண்கள், அச்சேமிப்பைக் காட்டும் 'ஃபெரிட்டின்' பரிசோதனையை இடையிடையே செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய்க்காகவே இவ்வுணவுக்கு மாறியவர்களின் நிலை தனியாக எண்ணத்தக்கது. இன்சுலின் ஊசி போடுபவர்களை வங்கிகள் ஏற்பதில்லை. மாத்திரை உண்பவர்கள், நோய் கட்டுக்குள் இருந்து அதனால் உறுப்புப் பாதிப்புகள் இல்லாதிருந்தால் கொடுக்கலாம். ஆனால் மாத்திரையின் அளவு கடந்த நான்கு வாரங்களில் மாற்றப்பட்டிருந்தால் காத்திருக்க வேண்டும். மாவுச்சத்து குறைந்தவுடன் சர்க்கரை தாழ்ந்து மாத்திரையையும் குறைக்க நேர்வதால், இவ்விதி அவர்களையே பெரிதும் தொடுகிறது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையை உண்டு காலை உணவைத் தவிர்த்தவருக்குச் சர்க்கரை தாழ்நிலை நேர்ந்தால், அது சாதாரண மயக்கமென்று தவறாகக் கருதப்படலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை, நீரையும் உடன் இழுத்துச் செல்வதோடு, குறைமாவு உணவுடன் சேரும்போது சர்க்கரை அளவு உயராமலே கீட்டோன் அமிலத்தன்மை என்னும் ஆபத்தை விளைவிக்கக்கூடியது. அதை உண்பவர் மருத்துவரைக் கேளாமல் கீட்டோ முறையையும் தொடங்கலாகாது, குருதியும் கொடுக்கலாகாது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் கொடையால் பாதிக்கப்படுகிறது. ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுக்களில் படிந்த சர்க்கரையை அது அளக்கிறது. கொடைக்குப் பின், சர்க்கரை படிய நேரமில்லாத இளம் அணுக்களின் பங்கு கூடுவதால், முடிவு உண்மையைவிடத் தாழ்ந்து தெரியக்கூடும். அதை உணவுமுறையின் வெற்றியென்று கொண்டு மாத்திரையைக் குறைத்துவிடும் அபாயமும் உண்டு. இப்பரிசோதனையைக் கொடைக்கு முன்பே முடித்துக்கொள்வதும், பின்னர் செய்ய நேர்ந்தால் குருதி கொடுத்த தேதியை மருத்துவரிடம் சொல்வதும் இதனால் இன்றியமையாதவை.