பல்லேகமவும் உலக உணவு முயற்சியும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன பலவற்றுள்ளும் உணவே தலையாயது. பசியைப் பிணியென்றும் அதனைப் போக்குவதே பேரறமென்றும் கொண்ட தமிழ் மரபு, மணிமேகலையின் கையில் அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தை வைத்தது. எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரமும் ஆதிரை என்னும் கற்புடையாள் இட்ட முதற் பிச்சையைப் பெற்ற பின்னரே பயன்படத் தொடங்கியது. பெருங் கொடைக்கும் முதலிலே ஒருவர் கை வழங்கவேண்டும் என்பது அக்கதையிற் பொதிந்த உண்மை. இக்காலத்தில் உலக நாடுகள் கூடி நடத்தும் உணவு முயற்சிகளை ஆராய்வோர் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம இதற்குச் சான்றாக நிற்கின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945 ஆம் ஆண்டிலே, ஒக்டோபர் 16 ஆந் தேதி, கனடா நாட்டின் கியூபெக் நகரில் உணவு விவசாய ஸ்தாபனம் நிறுவப்பட்டது. உலக உணவுத் திட்டம் 1961 இலும், விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம் 1977 இலும் தோன்றின. 1996 இல் உரோமாபுரியிற் கூடிய உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்பு என்பதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. எல்லா மக்களும், எக்காலத்தும், போதிய நல்லுணவைப் பெறும் வழியும் வாங்கும் வலுவும் உடையராய் இருத்தலே உணவுப் பாதுகாப்பாம். எனவே நாட்டிலே நெல் மலிந்து கிடத்தல் மட்டும் போதாது. அது கிடைத்தல், அதனைப் பெறும் ஆற்றல், உடல் அதனாற் பயன்கொள்ளல், இவை மூன்றும் என்றும் நிலைபெறல் என நான்கு கூறுகள் இதற்கு உள. இந்நான்கினையும் உரைகல்லாகக் கொண்டு பல்லேகமவின் கதையை நோக்குதல் தகும்.

சிங்கள மொழியிற் ‘பல்லே’ என்பது கீழ் என்றும் ‘கம’ என்பது ஊர் என்றும் பொருள்படும். பெயருக்கேற்ப, நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடரின் அடிவாரத்திலே களு கங்கைப் பள்ளத்தாக்கில் அமைந்திருந்தது பழைய பல்லேகம. லக்கலைப் பகுதியின் கடைவீதியும் அலுவலகங்களும் அங்கேயே இருந்தன. சிற்றோடைகளை மறித்து வயலுக்கு நீர் பாய்ச்சுதலும், மேட்டு நிலத்திலே சேனை செய்து குரக்கனும் சோளமும் எள்ளும் விளைத்தலும் அங்குள்ளோர் மரபு. வடகீழ்ப் பருவ மழையே அவர்தம் வாழ்வுக்கு ஆதாரம்.

களு கங்கை அம்பன் கங்கையோடு கலக்கின்றது. அம்பன் கங்கை மகாவலியை அடைகின்றது. அம்பன் கங்கை நீரை எலஹெரவில் மறித்து வறண்ட நிலத்துக்குக் கொண்டுசெல்லும் கலையைப் பண்டை மன்னர் நன்கறிந்திருந்தனர். எலஹெரக் கால்வாய் வசப மன்னன் காலத்தில் தொடங்கியதென்றும் மின்னேரியாக் குளம் மகாசேனன் கட்டியதென்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். அண்மைக் காலத்துப் பெருந்திட்டங்கள் அப்பழைய சிந்தனையின் தொடர்ச்சியே.

உணவு விவசாய ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு கூடி ஆராய்ந்து, 1968 இல் மகாவலிப் பெருந்திட்டத்தை வகுத்தன. ஏறத்தாழ 9 இலட்சம் ஏக்கர் நிலத்துக்கு முப்பது ஆண்டுகளில் நீர் வழங்குவது அதன் நோக்கம். 1976 இற் பொல்கொல்லையில் மகாவலி நீர் திருப்பப்பட்டு, சுரங்கவழியாக அம்பன் கங்கைப் பக்கம் வந்தது. 1977 இன் பின் வேலை துரிதப்படுத்தப்பட்டபோது, விக்ரோறியாவுக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் துணைநின்றன.

அப்பெருந்திட்டத்தில் நெடுங்காலம் எஞ்சி நின்றது மொறகஹகந்த–களு கங்கைத் திட்டம். அதன் வேலை 2007 சனவரியிலே தொடங்கியது. மொறகஹகந்த அணைக்குச் சீனா கடன் வழங்கியது. களு கங்கை அணைக்குக் குவைத்து நிதியம், சவூதி அபிவிருத்தி நிதியம், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் சர்வதேச அபிவிருத்தி நிதியம் என்பன உதவின. மொறகஹகந்தவில் 2017 சனவரியிலும், களு கங்கையில் 2018 யூலையிலும் நீர் தேக்கத் தொடங்கினர். முன்னையது ஏறத்தாழ 57 கோடி கன மீற்றர் நீரையும், பின்னையது ஏறத்தாழ 25 கோடி கன மீற்றர் நீரையும் கொள்ளும்.

இவ்விரு தேக்கங்களும் ஒன்றுக்கொன்று துணையாவன. மாரியிற் பெருகும் களு கங்கை நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாக மொறகஹகந்தவை அடைகின்றது. அங்கிருந்து எலஹெரக் கால்வாய் வழியே கிரித்தலை, மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய் ஆகிய குளங்களுக்குச் செல்கின்றது. காலபோகத்து மழையைத் தேக்கிச் சிறுபோகத்துக்குக் கொடுத்தலே இவ்வமைப்பின் உயிர்நாடி. மேலும் வடக்கே வடமத்திய மாகாணத்துக்கு இந்நீரைக் கொண்டுசெல்லும் மேல் எலஹெரக் கால்வாய்க்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2015 இற் கடனுதவ இசைந்தது.

இனி, இதன் விலை யாதெனக் காண்பாம். களு கங்கைத் தேக்கத்துள் பழைய பல்லேகம நகர் மூழ்கியது. அதற்கு ஈடாக லக்கலையிற் புதுநகர் ஒன்று திட்டமிட்டு எழுப்பப்பட்டது. மூழ்கிய வயல்களின் உழவர் புதிய காணிகளிற் குடியேறினர். அகன்ற தெருக்களும் புதிய கட்டடங்களும் நன்மையே. ஆயினும் தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய மண்ணின் குணம், ஓடையின் போக்கு, எந்த மேட்டில் எந்த விதை முளைக்கும் என்னும் அறிவு ஆகியவற்றைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுசெல்லல் இயலாது. வஸ்கமுவை வனத்தை அடுத்த அப்பிரதேசத்தில் யானைகளால் நேரும் பயிரழிவும் சிறிதன்று. கந்தளாயில் ஒரு போகம் செழிக்கப் பல்லேகமவின் வயல் ஒன்று நீருள் மறைந்தது. அவ்வயலுக்குரியவர் தம் புதிய நிலத்தில் நிறைவாய் உண்கின்றனரா என்பதே திட்டத்தின் மெய்யான அளவுகோல். தேக்கத்தின் கொள்ளளவு அன்று.

நீர் மட்டும் உணவாகிவிடாது என்பதனை 2021 ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவெம்பரில் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் உழவர் பசளையின்றித் தவித்தனர். விளைவு பெரிதும் வீழ்ந்தது. தொடர்ந்த பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறியது. 2022 இல் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக உணவுத் திட்டமும் நடத்திய மதிப்பீடு, 63 இலட்சம் மக்கள் போதிய உணவின்றி இடருறுவதாகக் கண்டது. இந்தியா கடனடிப்படையில் யூரியா அனுப்பிற்று. அமெரிக்க நிதியுதவியால் உணவு விவசாய ஸ்தாபனம் 2023 இல் நெல் விவசாயிகளுக்குப் பசளை வழங்கியது. அவ்வாண்டு மதிப்பீட்டில் அத்தொகை 39 இலட்சமாகக் குறைந்தது. குளங்கள் இருந்தன; நீரும் இருந்தது. எனினும் உரைகல்லின் ஏனைக் கூறுகள் தளர்ந்தபோது பசி வந்தது.

அயல்நாட்டு உதவி தேவையில்லை என்பது இதன் கருத்தன்று. ஒரு நாட்டு மழை பொய்த்தவிடத்து மற்றொரு நாட்டுக் களஞ்சியம் திறத்தல் மனித குலத்தின் உயர்ந்த பண்பு. எனினும் உதவி உள்ளூர் அறிவோடு இணைதல் வேண்டும். இலங்கை உலர் வலயத்தின் தொடர்குளக் கிராம முறையை உணவு விவசாய ஸ்தாபனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. ஒரு குளத்தின் கழிநீர் அடுத்த குளத்துக்கு ஊற்றாகும் அம்முறையிலே எவர் வயலும் எவருக்காகவும் முற்றாக இழக்கப்படுவதில்லை. பேரணை கட்டுவோர் அச்சிற்றூர்ப் பொறியியலிடமிருந்து கற்கவேண்டியது இஃதே.

ஆதிரையிட்ட பிச்சையால் அமுதசுரபி நிறைந்தது. அதனாற் பலர் பசி தீர்ந்தது. பல்லேகம மக்களும் தம் வயலையும் வீதியையும் முதற் பிச்சையாக இட்டனர். அந்நீரால் விளைந்த சோற்றை உண்போர் பலர். முதலில் இட்டவர் இல்லத்திலே உலை கொதிக்கின்றதா எனக் கேட்பவர் சிலரே. அக்கேள்வியை நாட்டின் கல்விமான்களும் ஆட்சியாளரும் உதவும் நாடுகளும் ஒவ்வொரு போகத்திலும் கேட்குமாயின், உணவுப் பாதுகாப்பு என்னும் சொல் பொருளுடையதாகும்.