குடல் சளியைக் கழுவாதீங்க, குதிரைவாலியைப் பாலிஷ் போடாதீங்க

கொஞ்ச நாளா நீங்க மாத்தி மாத்திக் கேட்கிறது ரெண்டே கேள்விதான். "குடல்ல சளி கட்டிக் கிடக்குதாமே, பேதிக்குச் சாப்பிட்டுக் கழுவி எடுக்கணுமா?" இது ஒண்ணு. "சளியைத் தின்கிற பாக்டீரியாவை மாத்திரையா ஆன்லைன்ல விக்கிறாங்களே, வாங்கலாமா?" இது ரெண்டாவது. ஒருத்தர் சளியை எடுக்கச் சொல்றார், இன்னொருத்தர் அதைத் தின்கிற கிருமியை வாங்கச் சொல்றார். குழம்பாம என்ன செய்வீங்க?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். குடல் சளி அழுக்கு இல்ல. பெருங்குடல்ல அது ரெண்டு படலமா இருக்கு. சுவரை ஒட்டின உள்படலம் கெட்டி, பாக்டீரியா அதுக்குள்ள லேசுல நுழையாது. வெளிப்படலம் தளர்வானது, பாக்டீரியா குடியிருக்கிறது அதுலதான். 2008ல ஸ்வீடன் விஞ்ஞானிகள் எலிக்குடல்ல இதைத் தெளிவா காட்டினாங்க. அதைக் கழுவி எடுக்கணும்னு யாராவது சொன்னா, உங்க வீட்டுச் சுவத்தை இடிக்கச் சொல்றாங்கன்னு அர்த்தம்.

சரி, அந்தச் சளியைத் தின்கிறது யாரு? அக்கர்மான்சியா முசினிஃபிலாங்கிற பாக்டீரியா. 2004ல நெதர்லாந்து வாகனிங்கன் பல்கலைக்கழகக்காரங்க மனுச மலத்துல இருந்து பிரிச்சு எடுத்து, அன்டூன் அக்கர்மன்ஸ்ங்கிற நுண்ணுயிர் அறிஞர் பேரை வச்சாங்க. உடல் பருமனும் சர்க்கரையும் உள்ள பல பேருகிட்ட இது குறைவா இருக்கு. அதனாலதான் இதுக்கு இவ்வளவு கிராக்கி. ஆனா பார்க்கின்சன் நோய்க்காரங்க குடல்ல இது கூடுதலா இருக்குன்னும் ஆய்வுகள் வந்திருக்கு. கூடக்கூட நல்லதுன்னு கண்ணை மூடிச் சொல்ல முடியாது.

இப்ப முக்கியமான இடம். 2016ல ஒரு ஆய்வு. கிருமியே இல்லாம வளர்த்த எலிகளுக்கு மனுசக் குடல் பாக்டீரியாவைக் கொடுத்து, தீனியில இருந்து நார்ச்சத்தை எடுத்துட்டாங்க. தின்ன நார் இல்லாத பாக்டீரியா சளிப் படலத்தைத் தின்ன ஆரம்பிச்சது, படலம் மெலிஞ்சது. அப்புறம் ஒரு நோய்க்கிருமியை விட்டப்ப அந்த எலிகள் ரொம்ப மோசமா பாதிக்கப்பட்டுச்சு. நம்ம ஊர்ல பார்த்திருப்பீங்க, தீவனம் இல்லாத மாடு கூரைக் கீத்தை இழுத்துத் திங்கும். மாட்டை அடிச்சு என்ன பிரயோஜனம்? தீவனத்தைப் போடுங்க.

நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்குப் பக்கத்துல ஒரு பெரிய வேலை நடந்திருக்கு. வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலரா வந்த 48 பேருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தாங்க. அதுல ஒரு பிரிவுக்கு மட்டும், சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போற மாவுச்சத்தைச் சேர்த்தாங்க. அதைப் பாக்டீரியா புளிக்க வச்சு ஒருவகைக் கொழுப்பு அமிலமா மாத்தும். அந்த அமிலம் குடல் சுவரை உப்பையும் தண்ணியையும் இழுத்துக்க வைக்கும். பேதி சீக்கிரம் நின்னுச்சு. 2000ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்தது. நம்ம பாக்டீரியாவுக்குத் தீவனம் போட்டே வைத்தியம் பார்த்திருக்காங்க! இதை ஏன் யாரும் ரீல்ஸ் போட மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு ஆதங்கம்.

தீவனம்னதும் குதிரைவாலி ஞாபகம் வருது. திருச்சுழி, காரியாபட்டி பக்கம் கரிசல்ல மானாவாரியா விளையுது. ஆனா மில்லுல என்ன நடக்குது? உமி போனதும் மங்கலான தவிட்டு நிறத்துல அரிசி வரும். "வெள்ளையா இல்லையே, இன்னொரு ஓட்டு ஓட்டுங்க"ம்போம். அந்த ரெண்டாவது ஓட்டுல தவிடும் நாரும் போயிரும். தவிட்டோட இருந்தா கொஞ்ச நாள்ல காறல் வாடை வரும், உண்மைதான். அதுக்கு அரிசியை வெளுக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க. தீவனத்துக்குக் காயும் வேணும்ல, அதுக்கு அதலைக்காய்! மழை விழுந்ததும் கரிசல்ல தானா கொடி ஓடும். வெங்காயம் போட்டு எண்ணெயில வதக்கினா அந்தக் கசப்புக்கு ஈடு இல்ல. சீசன்ல சந்தைக்கு வந்தா விடாதீங்க.

நேரம் ஆயிருச்சு, மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். அக்கர்மான்சியா மாத்திரை: 2019ல பெல்ஜியத்துல ஒரு ஆய்வு, முடிச்சவங்க 32 பேர், மூணு மாசம். சூடாக்கிச் சாகடிச்ச பாக்டீரியாதான் உயிரோட இருந்ததைவிட நல்லா வேலை செஞ்சது, உடம்பு இன்சுலின் பேச்சை நல்லா கேட்டுச்சு. எடை குறிப்பிடும்படி குறையல. 32 பேரை வச்சு ஆயிரக்கணக்குல காசு போடாதீங்க. நார்ச்சத்து: உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம்ங்குது. கம்பு, தட்டைப்பயறு, மொச்சை, சீனி அவரைக்காய், கீரைன்னு மாத்தி மாத்திச் சாப்பிடுங்க. ஒரே நாள்ல கூட்டாதீங்க, வயிறு ஊதும். தண்ணி நல்லா குடிங்க. ஆன்டிபயாட்டிக் டாக்டர் எழுதினா மட்டும்.

மலத்துல ரத்தமோ சீதமோ தொடர்ந்து போனா, காரணம் இல்லாம எடை குறைஞ்சா, எந்த வீடியோவையும் பார்க்காதீங்க, இதையும் சேர்த்துத்தான். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பாருங்க.