சென்ட்ரிங் பிரித்தாயிற்று, பாக்கி எங்கே?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்ற பழமொழியைச் சொன்னவர் ஒரு வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு முட்டு நிறுத்திப் பலகை அடித்தவர் சொல்லியிருந்தால், "வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிப் பார்" என்றல்லவா சொல்லியிருப்பார்!

திண்டுக்கல் மலைக்கோட்டையை அடுத்த பேகம்பூரில் இந்தப் புதுப் பழமொழியின் பொருள் பலருக்கு விளங்கும். ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் அது. ஊருக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன இந்தப் பகுதியிலும், மற்ற ஊர்களைப் போலவே, ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு எழும்புகிறது. வீட்டுக்காரர் ஒரு பில்டரிடம் வேலையை ஒப்படைக்கிறார். பில்டர் சென்ட்ரிங் வேலையை ஒருவரிடமும், கம்பி கட்டுவதை இன்னொருவரிடமும், பூச்சு வேலையை வேறொரு மேஸ்திரியிடமும் பிரித்துக் கொடுக்கிறார். பில்டருக்கும் வீட்டுக்காரருக்கும் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் இருக்கும். பில்டருக்கும் சென்ட்ரிங்காரருக்கும் இருப்பது பெரும்பாலும் ஒரு டீக்கடைப் பேச்சுதான்.

எந்த அளவு?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மனை 30 அடிக்கு 40 அடி. சதுரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியாயிற்று. ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. சென்ட்ரிங்காரர் சுவரின் வெளிப்புறத்தை அளக்கிறார். 1,200 சதுர அடி வருகிறது, அதாவது 12 சதுரம். பில்டர் உட்புறத்தை அளக்கிறார். ஒன்பது அங்குலச் சுவரைக் கழித்தால் இருபத்தெட்டரை அடிக்கு முப்பத்தெட்டரை அடி. பெருக்கினால் 1,097 சதுர அடி சொச்சம். ஒரே தளம், ஒரே டேப்பு. ஆனால் ஒரு சதுரத்துக்கு மேல் காணாமற் போய்விட்டது! நடுச்சுவர்களையும் கழித்தால் இன்னும் குறையும்.

இதோடு நின்றதா? சன்ஷேடு, லாப்ட், மாடிப்படி எல்லாம் கூலிக்குள் சேர்ந்தவையா, தனியா என்று யாரும் முதலில் கேட்கவில்லை. கான்கிரீட் போட்ட பிறகு வீட்டுக்காரர் வந்து, "இந்தப் பக்கம் ஒரு பால்கனி வேண்டும்" என்றார். பில்டர் தலையாட்டினார். ஆட்கள் செய்தார்கள்.

கணக்குத் தீர்க்கும் நாளில் பில்டர் சொல்வது: "வீட்டுக்காரர் கொடுக்கட்டும்ப்பா, உடனே வந்து வாங்கிக்க."

வீட்டுக்காரர் கொடுக்கும் வரை சென்ட்ரிங்காரரின் ஆட்கள் காத்திருப்பார்களா? நிமிந்தாளுக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணி வைத்தாக வேண்டும். கைமாற்று வாங்கியோ, வீட்டிலுள்ள நகையை வைத்தோ அவர் கொடுத்துவிடுகிறார். ஆகவே பாக்கி நிற்கும் ஒவ்வொரு வாரமும் வட்டி அவர் தலையில் ஏறுகிறது. பில்டர் எல்லோரும் மோசக்காரர் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் பில்டர்களும் உண்டு. ஆனால் அந்த நஷ்டத்தைக் கீழே இருப்பவன் தலையில் இறக்கி வைப்பதற்கு, 'வீட்டுக்காரர் கொடுத்த பிறகே உனக்கு' என்று முதலிலேயே பேசியிருக்க வேண்டாமா?

காகிதம் இல்லாவிட்டால்?

'எழுத்து இல்லையே, கோர்ட்டில் நிற்குமா?' என்று பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பயம் வேண்டியதில்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தமே. விலை பேசாமலே செய்த வேலைக்கும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்தார்; இனாமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை; மற்றவர் அதன் பலனை அனுபவித்தார். இந்த மூன்றும் சேர்ந்தால் அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும்.

இந்தப் பிரிவைச் சென்னை ஹைகோர்ட்டு எடுத்தாண்ட ஒரு பழைய வழக்கு ஏரித் தண்ணீரைப் பற்றியது. ஜமீன் கிராமங்களுக்கும் சர்க்கார் கிராமங்களுக்கும் பாசனம் தந்த ஏரியைச் சர்க்கார் செலவு செய்து பழுது பார்த்தது. ஜமீன்தார்கள் அதைக் கேட்கவில்லை. ஆனால் பலனை மட்டும் அனுபவித்தார்கள். தாமோதர முதலியார் வழக்கு என்று பெயர் பெற்ற இதில், அவர்கள் பங்குச் செலவைக் கொடுக்க வேண்டும் என்று 1894-இல் தீர்ப்பாயிற்று.

அங்கே சர்க்கார் கேட்டு வாங்கியது. வங்காளத்தில் அதே சர்க்கார் கொடுக்க மறுத்தது! 1944-இல் அராம்பாக் என்ற ஊரில் சிவில் சப்ளை இலாகாவுக்காக பி. கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற கம்பெனி கிடங்கும் பாதையும் காவல் அறையும் சமையலறையும் கட்டிக் கொடுத்தது. அதிகாரிகள் சொன்னதன் பேரில்தான் கட்டியது. முதல் வேலைக்குப் பணம் வந்தது. பிறகு செய்தவற்றுக்குச் சுமார் 19,325 ரூபாய் நின்றுவிட்டது. 'ஒப்பந்தம் கவர்னர் பெயரால் முறைப்படி எழுதப்படவில்லை. ஆகவே செல்லாது' என்பது சர்க்கார் வாதம். சுப்ரீம் கோர்ட்டில் 1961 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் செல்லாது என்பது சரியே. ஆனால் கட்டடத்தை எடுத்துக்கொண்டு அனுபவித்தது உண்மையல்லவா? 70-ஆவது பிரிவின்படி கொடுத்தே தீர வேண்டும் என்றார்கள். வேண்டாத வேலையை ஏற்க மறுக்கும் உரிமை எதிராளிக்கு உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. மறுக்காமல் அந்தப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், பிறகு 'நான் கேட்கவில்லை' என்றால் எடுபடுமா?

ஒன்று கவனிக்க வேண்டும். சென்ட்ரிங்காரர் சாதாரணமாகக் கேட்க வேண்டியது தம்மை வேலைக்கு அழைத்த பில்டரிடம். வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் கிடையாது. பில்டருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்ட வீட்டுக்காரர் வாசலில் போய் நின்று பயனில்லை.

லண்டன் தச்சர்

குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வதும் தகராறுக்கு வித்து. வேலை கைநழுவிப் போய்விடுமே என்று கேட்ட விலைக்குச் சரி என்று சொல்லி, பாதியில் மூச்சு முட்டுகிறவர் எத்தனை பேர்! லண்டனில் வில்லியம்ஸ் என்ற தச்சருக்கும் இதே கதி. ராஃபி பிரதர்ஸ் என்ற பில்டர் கம்பெனி எடுத்த 27 வீடுகளின் தச்சு வேலையை 1986 ஜனவரியில் 20,000 பவுனுக்கு ஒப்புக்கொண்டார். நியாயமான விலை 23,783 பவுன் என்று பின்னால் கண்டார்கள். ஆட்களையும் அவர் சரியாகக் கவனிக்கவில்லை. ஏப்ரலில் கை வறண்டுவிட்டது. வேலை நின்றால் பில்டருக்குத் தாமத அபராதம். ஆகவே வீட்டுக்கு 575 பவுன் வீதம் 10,300 பவுன் கூடுதலாகத் தருவதாகப் பில்டரே சொன்னார். தச்சர் மேலும் எட்டு வீடுகளை ஏறக்குறைய முடித்தார். வந்தது 1,500 பவுன் மட்டும்.

'பழைய வேலையைத்தானே செய்தார், கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும்?' என்று பில்டர் வாதாடினார். வேலை தடையில்லாமல் நடந்ததால் பில்டருக்குக் கிடைத்த லாபமே அந்த வாக்குக்குப் போதிய ஈடு என்று 1989 நவம்பரில் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. தச்சருக்கு 3,500 பவுன் கிடைத்தது. இத்தீர்ப்பு நம் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் சட்டக் கல்லூரிகளில் இதைப் படிக்காத மாணவர் குறைவு.

'வேலை சரியில்லை, தளம் ஒழுகுகிறது' என்று மொத்தப் பாக்கியையும் நிறுத்துகிறார்களே, அது சரியா? இதற்கும் லண்டனில் ஒரு வழக்கு உண்டு. 750 பவுனுக்கு ஒரு வீட்டை அலங்கரித்தவருக்கு 350 பவுன் பாக்கி. குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவு 55 பவுன் 18 ஷில்லிங் 2 பென்ஸ் என்று கணக்காயிற்று. அதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்று 1952-இல் தீர்ப்பு. ஒழுகும் தளத்துக்குப் பழுதுச் செலவைப் பிடிக்கலாம்; அதைச் சாக்கிட்டு முழுக் கூலியையும் விழுங்க முடியாது.

மறையும் சாட்சி

கட்டட வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கம்பி எத்தனை கிலோ, எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் கான்கிரீட் விழுந்ததும் மறைந்துபோகும். முட்டும் பலகையும் பிரித்து வண்டியில் ஏறிவிட்டால் சென்ட்ரிங்கும் காணாது. ஆகவே கான்கிரீட்டுக்கு முந்திய நாள் இருவரும் சேர்ந்து அளந்து, நாற்பது பக்க நோட்டில் எழுதி, பில்டரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வதே முறை. புது வேலை சொன்னால் அன்றைக்கே கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பி, 'சரி' என்று பதில் பெற்று, அழிக்காமல் வைக்க வேண்டும்.

கெடுவும் உண்டு. பணம் தரும் தேதி பேசாத வேலைக்கு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் 'இவ்வளவு பாக்கி உண்டு' என்று பில்டர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாக மூன்று ஆண்டு. 'தர்றேன், தர்றேன்' என்ற வாய்ச்சொல்லுக்கு அந்தச் சக்தி கிடையாது.

இரண்டு மேஸ்திரிகள் கூட்டாக வேலை எடுப்பது சகஜம். கூட்டைப் பதிவு செய்யாவிட்டால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு அந்தக் கூட்டின் பெயரில் வெளியாள் மேல் ஒப்பந்த வழக்குப் போட விடாது. வேலை உண்மை, பாக்கி உண்மை. ஆனால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்!

வழக்கு என்றதும் வருஷக்கணக்கில் அலைய வேண்டுமே என்று தயங்குகிறவர்கள் திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் மனுக் கொடுக்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே பில்டரை அழைத்துப் பேச வழி இருக்கிறது. லோக் அதாலத்தில் இருவரும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால், அந்த முடிவு கோர்ட்டு டிக்ரிக்குச் சமம். வழக்கு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தால், கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. எனவே எந்தத் தேதியில் எவ்வளவு தருகிறார் என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.