தாத்தா காலத்துப் புலிகள் இன்று பந்து வீசினால்...? தெரியுமா?

துப்பாக்கித் தோட்டாவின் வேகத்தை அளக்கிற கருவிக்குள் பேஸ்பால் பந்தை எறியச் சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னார்கள்! 1912-ல், அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில், ரெமிங்டன் துப்பாக்கித் தொழிற்சாலையில். எறிய வந்தவர் 'பெரிய ரயில்' என்று பட்டப்பெயர் வாங்கிய வால்டர் ஜான்சன். விளையாட்டு உடைகூட இல்லை. தெருவில் நடந்து வந்த உடுப்போடு அப்படியே நின்றார். கம்பி கட்டிய சட்டத்துக்குள் பந்து நுழைந்தால்தான் கணக்கு. அவரோ கையைப் பக்கவாட்டில் சுழற்றி எறிகிறவர். பந்தை அந்தச் சட்டத்துக்குள் நுழைப்பதற்கே திணறிப்போனார். ஒருவழியாக நுழைந்தது. நொடிக்கு 122 அடி. அதாவது மணிக்கு 134 கிலோமீட்டர்.

"ப்பூ... இவ்வளவுதானா?" என்கிறீர்களா? இன்றைய அமெரிக்க மேஜர் லீக்கில் ஒரு சாதாரண பிட்சரின் (பந்து எறிபவரின்) வேகப்பந்தே சராசரியாக 151 கிலோமீட்டரைத் தொடுகிறது! அப்படியானால் ஜான்சன் இன்று வந்தால் அடி வாங்கியே ஓய்ந்துபோவாரா? கொஞ்சம் பொறுங்கள்!

அளந்த இடமே வேறு, தெரியுமா?

கையை விட்டுக் கிளம்பும்போது இருக்கிற வேகம் பேட்டரிடம் போய்ச் சேரும்போது பந்துக்கு இருக்காது. இடையில் இருப்பது 60 அடி 6 அங்குலம்தான். அதற்குள்ளேயே காற்று நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு வேகத்தைத் தின்றுவிடுகிறது! இன்றைய கருவிகள் பந்து கையை விட்டதுமே அளந்துவிடுகின்றன. ஜான்சனின் பந்தை அளந்ததோ, அது பேட்டர் நிற்கும் தூரத்தையும் தாண்டிய பிறகு!

'ஃபாஸ்ட்பால்' என்ற ஆவணப்படத்துக்காக இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்தார்கள். ஜான்சனின் வேகம் எவ்வளவு வந்தது தெரியுமா? 151! அச்சு அசலாக இன்றைய சராசரி. அதுவும் 1912-ல், தெரு உடுப்பில்!

மோட்டார் சைக்கிளோடு போட்டி போட்ட பந்து தெரியுமா?

1940-ல் சிகாகோவின் லிங்கன் பூங்காவில் பாப் ஃபெல்லர் என்ற பிட்சர் கையில் பந்தோடு நிற்கிறார். பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் ஹார்லி டேவிட்சனில் சுமார் 138 கிலோமீட்டர் வேகத்தில் சீறி வருகிறார். வண்டி தன்னைத் தாண்டுகிற நேரம் பார்த்து ஃபெல்லர் எறிய வேண்டும். எறிந்தார். வண்டி கொஞ்சம் முந்திக்கொண்டது. ஆனாலும் இலக்கில் முதலில் போய் மோதியது பந்துதான்!

1946-ல் ஃபெல்லரின் பந்தை ராணுவத்தின் கருவியை வைத்தே அளந்தார்கள். 158.7 கிலோமீட்டர். இன்றைய முறைக்கு மாற்றினால் 173! 1974-ல் ரேடாரில் பதிவான நோலன் ரயனின் 162.4 கிலோமீட்டரை மாற்றினால் 174! 2010-ல் அரோல்டிஸ் சாப்மன் எறிந்து உலக சாதனையான பந்தே 170-ஐ ஒட்டித்தான். 173-ம் 174-ம் கணக்குப் போட்டு வந்த எண்கள்தான், களத்தில் அளந்தவை இல்லை. ஆனாலும் தாத்தாக்களைச் சும்மா நினைக்க முடியுமா?

26 இன்னிங்ஸ் ஒரே கை, தெரியுமா?

1920 மே 1. புரூக்ளினும் பாஸ்டனும் மோதின. வழக்கமான 9 இன்னிங்ஸில் முடியவில்லை. இழுத்தது, இழுத்தது, 26 வரை இழுத்தது! லியான் கடோர், ஜோ ஓஷ்கர் என்ற இரண்டே பிட்சர்கள் தொடக்கம் முதல் கடைசிவரை எறிந்தார்கள். இருட்டிவிட்டதால் 1-1 என்று சமனில் விட்டார்கள்!

சை யங் தன் காலத்தில் முழுசாக எறிந்து முடித்த ஆட்டங்கள் 749. இன்று? 2022-ல் சாண்டி அல்கன்டாரா ஒரே சீசனில் ஆறு ஆட்டங்களை முழுசாக முடித்தார் என்று ஊரே வாய் பிளந்தது. அந்த வருடம் வேறு எந்த அணியும், மொத்த அணியும் சேர்ந்தாலும், ஆறு முடிக்கவில்லை!

சூட்சுமம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தவர்கள் எல்லாப் பந்தையும் முழு வேகத்தில் எறியவே இல்லை. கையிருப்பை வைத்துக்கொண்டு, இக்கட்டு வரும்போதுதான் இறக்குவார்கள். கிறிஸ்டி மேத்யூசன் 1912-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே 'இக்கட்டில் பந்துவீச்சு' என்கிற பொருளில்தான்! இன்றைய பிட்சருக்கு ஒவ்வொரு பந்தும் இக்கட்டுதான்.

மேட்டையே வெட்டிக் குறைத்தார்கள், தெரியுமா?

1968-ல் பாப் கிப்சன் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ஓட்டம்தான் கொடுத்தார். பேட்டர்கள் அலறினார்கள். மறு வருடமே பிட்சர் நின்று எறியும் மண்மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கிவிட்டார்கள்!

ஜான்சன் காலத்தில் பெரும்பாலும் ஒரே பந்துதான் ஆட்டம் முழுக்க. எச்சில், மண், புகையிலைச் சாறு எல்லாம் பட்டுக் கறுத்து, சாயங்கால வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. 1920-ல் அப்படி ஒரு பந்து தலையில் பட்டு ரே சாப்மன் என்ற வீரர் இறந்தே போனார். இன்று லேசாக மண் பட்டாலே புதுப் பந்து! பழைய புலிகளுக்கு இந்த வெள்ளைப் பந்து கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

முழங்கைக்கு மாற்றுத் தசைநாண், தெரியுமா?

சாண்டி கோஃபாக்ஸ் 1966-ல் 27 வெற்றி, 317 ஸ்டிரைக் அவுட். அந்த வருடமே, 30 வயதில், முழங்கை மூட்டுவாதத்தால் விடைபெற்றார். எட்டே வருடம் கழித்து, கோஃபாக்ஸ் ஆடிய அணியின் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து தசைநாணை எடுத்து இடது முழங்கையில் தைத்தார். அதன்பிறகு டாமி ஜான் வென்ற ஆட்டங்கள் 164! இன்று பிட்சர்களிடையே அந்த அறுவை சிகிச்சை சர்வ சாதாரணம். ஆறு ஆட்டம் முடித்த அல்கன்டாராவும் 2023-ல் அந்த மேஜையில்தான் படுத்தார்!

59 வயதில் மூன்று இன்னிங்ஸ், தெரியுமா?

ஒரு கசப்பும் உண்டு. 1947 வரை மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை. அதனால் ஜான்சன் தன் லீக்கில் அன்றைய சிறந்த பேட்டர்கள் பலருக்கு எறியவே இல்லை. இன்று வந்தால் உலகமே எதிரில் மட்டையோடு நிற்கும்!

அந்தச் சுவரால் தடுக்கப்பட்ட சாட்செல் பெய்ஜ் மேஜர் லீக்கில் நுழைந்தபோது வயது 42! 1965-ல், 59 வயதில், கான்சாஸ் சிட்டிக்காக மறுபடி இறங்கினார். காத்திருக்க ஆடும் நாற்காலி, பக்கத்தில் ஒரு நர்ஸ், எல்லாம் அணி முதலாளியின் விளம்பரக் கூத்து. பாஸ்டன் பேட்டர்களுக்கு மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். கொடுத்தது ஒரே ஒரு ஹிட், ஓட்டம் பூஜ்யம்!

அப்படியானால் ஜான்சன்?

வருவார். இன்றைய பயிற்சியும் சாப்பாடும் கிடைத்தால், பந்துகளை எண்ணித்தான் எறிய வேண்டும் என்று தெரிந்தால், 151 இன்னும் ஏறும். சிக்கல் வேறு இடத்தில். 666 ஆட்டங்களைத் தொடங்கி 531-ஐத் தானே முடித்தவர் அவர். 1908-ல் நான்கே நாளில் நியூயார்க்கை மூன்று முறை ஓட்டமே இல்லாமல் சுருட்டியவர். இன்றைக்கு ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜர் மேட்டுக்கு வந்து, பந்தைக் கொடு என்று கை நீட்டுவாரே, அப்போது அந்த மனிதருக்கு ஒன்றுமே புரியாது. ஆட்டம்தான் இன்னும் முடியவில்லையே!