வெள்ளம் வடிந்த பிறகு

தெதுரு ஓயாவும் மீ ஓயாவும் கலா ஓயாவும் வந்து கலக்கின்ற புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே வாழ்கிறவர்கள், தங்கள் ஊரில் ஒரு துளி மழையும் விழாதிருக்க, எங்கோ உள்நாட்டில் பெய்த மழைக்காக வான்கதவுகள் திறக்கப்பட்ட மாத்திரத்தில் வாசற்படியில் வெள்ளம் ஏறி நிற்பதைக் கண்டு பழகியவர்கள். ஆதலால், அணை உடைந்து நகரமொன்று அமிழ்கின்ற கதையைத் திரையிலே காணும்போது அவர்கள் தேடுவது அலையின் உயரத்தை அன்று. நீர் வடிந்த மறுநாளைத்தான்.

அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் புரோம்ஃபீல்ட் 1937இல் வெளியிட்ட ‘தி ரெய்ன்ஸ் கேம்’ என்னும் நாவல் அத்தகைய கதை. ராஞ்சிப்பூர் என்ற கற்பனையான இந்திய சமஸ்தானத்தில் மழைக்காலம் தொடங்குகிறது. பூகம்பத்தில் அணை தகர்கிறது. பிரளயம் போன்ற வெள்ளத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் வருகிறது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் இதனை இருமுறை படமாக்கியது.

முதலாவது, 1939இல் கிளாரன்ஸ் பிரவுன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். விசேஷக் காட்சி உத்திகளுக்கென முதன்முதலாக நிறுவப்பட்ட ஆஸ்கார் பரிசை, ‘கான் வித் த விண்ட்’ போன்ற பெரும் படங்களைப் பின்தள்ளி, அதன் பூகம்பமும் வெள்ளமும் பெற்றன. ஆயினும் அப்படத்தின் ஜீவன் அங்கே இல்லை. சுகபோகத்திலே காலம் கழித்த எட்வினா சீமாட்டி (மிர்னா லாய்), ஆஸ்பத்திரியில் நோயாளருக்குப் பணிவிடை செய்து களைத்து, நோயாளி ஒருவர் அருந்திய குவளையிலேயே தன்னை மறந்து நீர் பருகி, அது யாருடைய குவளை என்பதை உணர்கின்றாளே, அந்தக் கணத்தில் இருக்கிறது. அவள் மாண்டு போகிறாள்.

1955இல் ஜீன் நெகுலெஸ்கோ இயக்கிய ‘தி ரெய்ன்ஸ் ஆஃப் ராஞ்சிப்பூர்’, வர்ணமும் சினிமாஸ்கோப்பின் விசாலமும் கொண்டது. அதில் எட்வினாவாக வரும் லானா டர்னர் உயிரோடு ஊரைவிட்டுப் புறப்படுகிறாள்; ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த டாக்டர் சாஃப்டி தன் மக்களோடு நின்றுவிடுகிறார். காதலின் பிரிவே அங்கு முடிவாகிவிட்டபடியால், பிரளயம் அவர்களைப் பிரிப்பதற்கு வந்த ஒரு நிமித்தமாகச் சுருங்கிப் போயிற்று.

பழைய படமே மெய்யானது என்பது என் துணிபு. வெள்ளம் வடிந்தபின் கிணறுகளை இறைத்துக் குளோரின் இடுவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுவீடாக வருவதும், எலிக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சேற்றில் கால் வைப்பதும் இத்தீவில் எவருக்கும் புதிதல்ல. ஒரு குவளை நீரில் மரணம் ஒளிந்திருக்கலாம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டுக்கும் பொதுவான பெருங்குறை ஒன்றுண்டு. இந்திய மருத்துவராக வந்த டைரோன் பவரும் பர்ட்டனும் மேனியிலே சாயம் பூசிய வெள்ளையர். மகாராணியாக வந்த நடிகையர் இருவரும் ருஷ்யாவிற் பிறந்தவர்கள். ஊர்மக்களோ பெயரற்ற கூட்டமாக ஓடி நீரில் மறைகிறார்கள். மூன்றாம் முறை இக்கதை படமாகுமாயின், குளக்கட்டு உடைந்த இரவை அநுபவித்த ஒருவர் அதை எடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்திலே ஒரு குடும்பத்தையேனும் பெயர் சொல்லி அழைத்து, அவர்களுடைய கிணற்றடியிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும்.