பழைய வண்டியும் வீட்டுப் பட்டறையும்

திருவனந்தபுரத்தில் பழைய வண்டி வைத்திருப்போர்க்கு இரண்டு பகைவர் உண்டு. ஒன்று மழை; மற்றொன்று கடற்காற்று. மலையாளத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை, தமிழ்க் கணக்கில் வைகாசி நடுவில் தொடங்குகிறது. அது ஓய்ந்த சில வாரங்களில் துலாவர்ஷம், அதாவது நம் ஐப்பசி மழை, வந்துவிடுகிறது. மழையில்லாத நாள்களிலும் சங்குமுகம், வலியதுறைப் பக்கமிருந்து உப்புக்காற்று வீசுகிறது. இரும்பில் ஈரம் படிந்தால் துரு ஏறும். அவ்வீரத்தில் உப்பும் கலந்தால் துரு விரைந்து ஏறும். நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ வாங்கப்பட்டு, வேலை மாற்றத்தோடு இந்நகருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பத்து ஸ்கூட்டர், சில மழைக்காலங்களிலேயே இதனை உணர்த்திவிடும்.

அத்தகைய குடும்பங்களில் இரண்டு வண்டிகளின் பெயர் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. ஒன்று பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர். மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் தாங்கிய இவ்வண்டி 1972 முதல் ஏறத்தாழ 34 ஆண்டுகள் உற்பத்தி செய்யப்பட்டது. பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்தே அதனைப் பெற வேண்டிய காலமும் இருந்தது. மற்றொன்று 1983-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து 2014 வரை உற்பத்தியான மாருதி 800 என்னும் சிறு கார். இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆயினும் பல வீட்டுத் தாழ்வாரங்களில் அவை இன்னும் நிற்கின்றன. அவற்றை ஓடச் செய்வது எவ்வாறு, எந்த வேலையை வீட்டில் செய்யலாம், எதனைத் தொடவே கூடாது என்பவை அறியத்தக்கன.

பழுது பார்ப்பதை வீட்டிலேயே கற்றுக்கொண்டவர்களுள் தமிழர் பெருமையோடு நினைப்பவர் கோவையைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு. 1893-இல் கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதனை வாங்குவதற்காகவே கோவையில் உணவகம் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியில் ஊர் சுற்றியதோடு அவர் நின்றுவிடவில்லை. அதன் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிப் பார்த்து, மீண்டும் பொருத்தினார். பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாத அவர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை இயக்கத் தொடங்கினார். பின்னாளில் மின்மோட்டார் உள்ளிட்ட பல பொருள்களை உருவாக்கினார். கழற்றுவது எவருக்கும் எளிது. கழற்றிய வரிசையை நினைவில் வைத்துத் திரும்பப் பூட்டுவதில்தான் கல்வி இருக்கிறது. பட்டறைகளில் பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பது இதனால்தான். பூட்டி முடித்த பின் தாளில் ஒரு திருகு எஞ்சியிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

வண்டி கிளம்பவில்லை

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. பள்ளிக்கு நேரமாகிறது. தந்தை ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் களைக்கிறார். இயந்திரம் உயிர் பெறவில்லை. "அப்பா, பெட்ரோல் குழாயைத் திறந்தீர்களா?" என்று மகள் கேட்கிறாள். குழாய் மூடியே இருக்கிறது. பழைய ஸ்கூட்டர் வைத்திருந்த குடும்பங்களில் இக்காட்சி நடவாத வீடு அரிது. இதில் நகைப்புக்கு இடமிருப்பினும், அச்சிறுமியின் கேள்வியே சரியான தொடக்கம். பழுதைத் தேடும்போது மிக எளிய காரணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோல் இயந்திரம் இயங்குவதற்கு எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் உரிய அளவில், உரிய நேரத்தில் வேண்டும். கிளம்பாத வண்டியில் இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்திருக்கும். எது என்று ஊகித்துப் பல உறுப்புகளை ஒரே நேரத்தில் மாற்றுவோர் உண்டு. வண்டி கிளம்பினாலும் எதனால் கிளம்பியது என்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த முறையும் அதே அளவு பணம் செலவாகும். ஒன்றைச் சோதித்து, அது சரியெனக் கண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

சேத்தக்கின் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில், கார்புரேட்டரைவிட உயரத்தில் உள்ளது. ஆதலால் எரிபொருளை இழுக்கத் தனிப் பம்பு தேவையில்லை. பெட்ரோல் தானே கீழிறங்கும். குழாய்த் திருகிக்குத் திறப்பு, அடைப்பு, ரிசர்வ் என மூன்று நிலைகள் உண்டு. குழாய் திறந்திருந்தும் பெட்ரோல் வரவில்லையெனில் தொட்டியின் துருத்துகள் வடிகட்டியை அடைத்திருக்கலாம். நெடுநாள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் கெட்டுப் பிசுபிசுப்பாகி, கார்புரேட்டரின் நுண்துளையை மூடியிருக்கலாம். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 2025-இல் அக்கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. ஈரமிக்க கடற்கரை நகரில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டிக்கு இது நல்லதன்று. அதன் ரப்பர்க் குழாய்களும் இக்கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே அவை வெடித்தோ தளர்ந்தோ போயுள்ளனவா என்று அவ்வப்போது பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கத்தையும் சொல்ல வேண்டும். காலையில் சேத்தக்கைக் கிளப்புமுன் அதனை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்துவார்கள். வெளிமாநிலத்தாருக்கும் இப்பழக்கம் பொதுவானது. ஏதோ சடங்கு போலத் தோன்றும். சாய்க்கும்போது கார்புரேட்டருக்குள் கூடுதலாகச் சிறிது பெட்ரோல் இறங்கி, குளிர்ந்த இயந்திரம் எளிதில் கிளம்பும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். சோக் இழுப்பதும் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவதற்காகவே.

பிளக் சொல்லும் செய்தி

எரிபொருள் வருகிறது எனில் அடுத்து ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க வேண்டும். வண்டியின் உடல்நிலையை அறிவிக்கும் நாக்கு எனலாம் அதனை. மருத்துவர் நாவை நீட்டச் சொல்வது போல, மெக்கானிக் முதலில் பிளக்கைத்தான் கழற்றுகிறார். இயந்திரம் ஆறிய பின், பிளக் ஸ்பேனரால் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் போதும். முனை உலர்ந்து இளம் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது சோக் இழுத்தபடியே நின்றிருக்கலாம். எண்ணெய்ப் பசையோடு நனைந்திருந்தால் ஆயில் மிகுதி. வெண்மையாக வெளுத்திருந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. கரியை மெல்லிய கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ நீக்கி, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. கண்ணளவில் கணித்தல் கூடாது. அதற்கென உள்ள மெல்லிய தகடுகளால் அளக்க வேண்டும். மழைக்குப் பின் கிளம்பாத வண்டிகளில் பிளக் மூடியினுள் ஈரம் புகுந்திருப்பதும் உண்டு. உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். பட்டறைக்குத் தள்ளிச் செல்லும் வியர்வை மிச்சம்.

ஆயில் மிகுதி என்பதற்கு விளக்கம் வேண்டும். பழைய சேத்தக்கின் இயந்திரம் இருவீச்சு வகையைச் சேர்ந்தது. நால்வீச்சு இயந்திரத்தில் உள்ளது போல ஆயிலுக்குத் தனி அறை இதில் இல்லை; பெட்ரோலோடு கலந்த ஆயிலே உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்பைத் தருகிறது. 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், அதாவது 100-க்கு 2 பங்கு என்பதே வழக்கமான கணக்கு. குறைந்தால் பிஸ்டன் உராய்ந்து சிக்கிக்கொள்ளும். கூடினால் வெண்புகை கிளம்பும். பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். சைலன்சர் கரியால் அடைபட்ட ஸ்கூட்டர் கிளம்பினாலும் மேடேறாது. பட்டம், கவடியார்ப் பக்கத்து ஏற்றங்களில் பின்னால் அமர்ந்தவர் இறங்கி நடக்க நேர்ந்தால், குற்றம் அவரது எடையில் இல்லை என்பதை அறியலாம்.

மாருதி போன்ற காரில் காலையில் கேட்கும் பழுது வேறு வகையானது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டும் வரும். பெரும்பாலும் பேட்டரியே காரணம். அதன் முனைகளில் வெண்மையும் பசுமையும் கலந்த பொடி பூத்திருந்தால் மின்சாரம் செல்லும் வழி தடைபடும். முனைகளைக் கழற்றி, வெந்நீரால் கழுவி, உலர்த்திப் பொருத்த வேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனை இறுதியில் பூட்ட வேண்டும். காரின் இரும்பு உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. நேர்முனையைக் கழற்றும் ஸ்பேனர் தவறி உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். எதிர்முனை முன்னரே கழற்றப்பட்டிருந்தால் அந்த ஆபத்து இல்லை. அந்தப் பொடியும் பேட்டரியின் அமிலமும் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு தருவன, கையுறையின்றித் தொடலாகாது.

தொடக்கூடாதவை

வீட்டுப் பழுதுபார்ப்பில் துணிவைவிட அச்சம் பயனுடையது. ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய காரின் அடியில் எக்காலத்திலும் புகக்கூடாது, ஜாக்கி சரியும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கதவடைத்த ஷெட்டில் இயந்திரத்தை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நிறைந்து உயிரைப் பறிக்கும். பெட்ரோல் கசியும் இடத்தில் தீப்பொறியைச் சோதிப்பது எவ்வளவு அறிவீனம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்கைப் பொறுத்தவரை, கம்பி தளர்ந்துள்ளதா எனப் பார்க்கலாம். தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றுவது பயின்றவரின் வேலை. கிளம்பாத வண்டி வீட்டில் நிற்கும். நிற்காத வண்டி சாலைக்குச் சென்றுவிடும். ஸ்கூட்டர்ச் சக்கரத்திலும் ஒரு மறைவான ஆபத்து உண்டு. அதன் ரிம் இரண்டு பாதிகளை நட்டுகளால் இணைத்துச் செய்யப்பட்டது. காற்றை முழுவதும் வெளியேற்றாமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் இரு பாதிகளும் வெடித்ததுபோல் பிரியும். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு. ரிம்மின் பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. இவ்வேறுபாடு அறியாதவர் ஸ்டெப்னி மாற்றத் தொடங்கக்கூடாது.

ஸ்டெப்னி என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மோட்டார் வண்டிகள் உபரிச் சக்கரமின்றி ஓடிய காலத்தில், 1904-ஆம் ஆண்டளவில், பிரிட்டனின் வேல்ஸ் நாட்டிலுள்ள லனெல்லி நகரில் மாற்றுச் சக்கரம் ஒன்று உருவாக்கப்பட்டது. அது செய்யப்பட்ட தெருவின் பெயர் ஸ்டெப்னி. பிறந்த ஊரில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியாவில் தமிழிலும் மலையாளத்திலும் நாள்தோறும் வழங்குகிறது.

பழைய வண்டியின் சிறப்பு, அது தன் குறையை மறைக்காது என்பதே. சில ஸ்பேனர்களும் பொறுமையும் இருந்தால் காரணத்தைக் கண்ணால் காணலாம். புதிய வண்டிகளில் எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் கணினி தீர்மானிக்கிறது. அவை புகை குறைந்தவை, சிக்கனமானவை, அவ்வகையில் முன்னேற்றமே. ஆனால் பழுதின் காரணம் எண்களாக உள்ளே பதிவாகிறது. அதைப் படிக்கத் தனிக்கருவி தேவை. வாங்கியவருக்கே பழுது பார்க்கும் உரிமையும், அதற்கு வேண்டிய விவரங்களும் உதிரிப்பாகங்களும் கிடைக்க வேண்டும் என்னும் கோரிக்கை உலகெங்கும் எழுந்துள்ளது. இந்திய அரசும் 2022-இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அக்குழு எடுத்துக்கொண்ட துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்று.

சட்டமும் பழைய வண்டியைக் கவனிக்கிறது. சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதியைக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பிரேக், விளக்கு, புகை, ஒலிப்பான் ஆகியவை அப்போது சோதிக்கப்படும். மேலும், ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால் அங்கு மறுபதிவு செய்யப்பட வேண்டும். நாகர்கோவிலின் 'டிஎன் 74' என்னும் பலகையோடு வந்த ஸ்கூட்டர், திருவனந்தபுரத்தில் 'கேஎல் 01' ஆவது இவ்வாறுதான்.

பலகை மாறினாலும் தொழிற்சாலையில் பொறிக்கப்பட்ட சேஸிஸ் எண் மாறுவதில்லை. மறுபதிவுக்கு முன் சொந்த ஊர் அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். அவ்விண்ணப்பத்தில் இந்த எண்ணின் பென்சில் அச்சு கேட்கப்படுகிறது. கடற்காற்றில் நின்ற வண்டியில் அவ்வெண் துருவுக்கும் அழுக்குக்கும் அடியில் மறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். முரட்டுத்தனமாகச் சுரண்டினால் எண்ணே அழிந்துவிடும். எண் அழிந்த வண்டியைத் தம்முடையதென நிறுவுவது கடினம். துடைத்து உலர்ந்தபின் அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கைவாட்டில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். விரல் சிறுத்த பிள்ளைகளுக்கே அந்த இடுக்கில் கை நுழையும் என்பதால், பல வீடுகளில் இவ்வேலை அவர்களுக்கே தரப்படுகிறது. தேய்க்கத் தேய்க்க, தாளில் ஒவ்வோர் இலக்கமாக வெண்மையாய்த் தெரியத் தொடங்கும்.